வீணாகக் கடலுக்குப் போகிற தண்ணீர்

மேட்டூர் அணை நிரம்பினால் சேலத்துக்காரர்களுக்கு நோம்பிதான். 2024 ஜூலை 30 அன்று அணை 120 அடியைத் தொட்டபோது எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் வேறு பேச்சே இல்லை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பாதிப்பேர் குடும்பத்தோடு போய், பதினாறு கண் மதகில் தண்ணீர் பாய்வதைப் பார்த்து, செல்ஃபி எடுத்து, ரோட்டோரக் கடையில் மீன் வறுவல் தின்றுவிட்டு வந்தார்கள். திங்கட்கிழமை செய்தித்தாளில் வருஷா வருஷம் வருகிற அதே செய்தி: விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் உபரிநீர் கொள்ளிடம் வழியாக வீணாகக் கடலில் கலக்கிறது. அதைச் சத்தமாக வாசித்த கணக்கு சார், "இங்க ஏரியெல்லாம் வாயைப் பொளந்துட்டுக் கெடக்குது, அங்க கடலுக்கு ஊத்தறாங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அங்கே புவியியல் நடத்துகிறவள், ஆறுகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டிய ஆள். ஒன்றும் சொல்லாமல் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலேயே இந்த விஷயத்தில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி என் அண்ணன். இன்னொன்று அவர் பெற்ற மகள்.

அண்ணனுக்கு ஓமலூர்ப் பக்கம் விவசாயம். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, நிலக்கடலை, தண்ணீர் இருக்கிற வருஷம் கொஞ்சம் மஞ்சள். சரபங்கா என்று ஒரு ஆறு உண்டு. ஏற்காட்டு மலையில் பிறந்து, ஓமலூர், எடப்பாடி வழியாகப் போய்க் காவிரியில் சேர வேண்டியது. எங்கள் தலைமுறை அதை ஆறாகப் பார்த்த நாள் குறைவு. மேட்டூர் உபரிநீரைத் திப்பம்பட்டியில் பம்ப் வைத்துத் தூக்கி, இந்தப் பக்கத்து 100 வறண்ட ஏரிகளுக்கு விடுவதற்காக 565 கோடி ரூபாயில் ஒரு திட்டம் போட்டு, 2020-இல் அடிக்கல் நாட்டினார்கள். டெல்டா விவசாயிகள் கூடாது என்றார்கள், எங்கள் பக்கம் பட்டாசு வெடித்தார்கள். அண்ணன் ஊர் ஏரியும் அந்தப் பட்டியலில் இருந்தது. தண்ணீர் வந்த முதல் வாரம் நானும் போய்ப் பார்த்தேன். சீமைக்கருவேல மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றன. கரையோரத்தில் காய்ந்து பிளந்திருந்த வண்டல் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, வெடிப்புக்குள்ளிருந்து பொட்டுப் பொட்டாகக் காற்று மேலே வந்துகொண்டிருந்தது. அண்ணன் கிணற்றில் ஐந்தாறு வருஷமாக வெளியே தெரிந்துகொண்டிருந்த ஒரு பாறை மூழ்கிவிட்டது என்று கூட்டிப்போய்க் காட்டினார். வாய் கொள்ளாத சிரிப்பு. அந்த ஏரியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. இந்தக் கட்டுரையிலும் சொல்லப்போவதில்லை.

அண்ணன் மகள் பறங்கிப்பேட்டையில் ஆராய்ச்சி மாணவி. சேலத்தில் தாவரவியல் படித்துவிட்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்துக்குப் போனாள். முதலில் கேட்டபோது அண்ணிக்கு விளங்கவே இல்லை. "கடல்ல ஏது கண்ணு செடி?" என்றார். கடலுக்கடியில் பூப்பூத்துக் காய்க்கிற கடற்புல் உண்டு, ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் மூழ்கிப் பறிக்கிற பாசி உண்டு, கரையோரச் சேற்றில் நிற்கிற அலையாத்திக் காடு உண்டு என்று அவள் அடுக்கினாள். அண்ணிக்கு அதில் காடு ஒன்றுதான் மனதில் நின்றது. காடு என்றால் ஃபாரஸ்ட் டிபார்ட்மென்டில் வேலை கிடைக்கும் என்று தீர்மானித்துக்கொண்டார். அவளுடைய ஆய்வு, மண்ணில் உப்பு ஏற ஏற அலையாத்திக் கன்றுகள் எப்படி வேர்பிடிக்கின்றன, எந்தக் கட்டத்தில் தோற்றுப்போகின்றன என்பது. ஏரி நிறைந்த அன்று அண்ணன் வீடியோ காலில் அவளுக்குத் தண்ணீரைக் காட்டினார். "பாரு பாப்பா, எல்லாம் வீணாக் கடலுக்குப் போற தண்ணி" என்றார். அவள் சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தைக்கு மட்டும், "வீணா எல்லாம் போகலப்பா" என்றாள். அண்ணன் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. எனக்கு விழுந்தது.

இரண்டு பக்கமும் நம் மலை

கோடை விடுமுறையில் நான் பறங்கிப்பேட்டைக்குப் போனேன். கிளம்பும் முன் பழைய பழக்கத்தில் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில், இத்தனை வருஷம் வகுப்பெடுத்தும் சேர்த்துப் பார்க்காத ஒன்று கண்ணில் பட்டது. பிச்சாவரம் அலையாத்திக் காடு வடக்கே வெள்ளாற்று முகத்துக்கும் தெற்கே கொள்ளிட முகத்துக்கும் நடுவில் கிடக்கிறது. வெள்ளாறு சேர்வராயன் மலையில், அதாவது எங்கள் ஏற்காட்டு மலையில், உற்பத்தியாகிறது என்று பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகும். வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல் என்று எங்கள் மாவட்டத்தின் கிழக்குப் பாதியைத் தொட்டு ஓடுகிற வசிஷ்ட நதியும், கெங்கவல்லிப் பக்கத்து சுவேத நதியும் கூடித்தான் வெள்ளாறு. அது கடலில் சேருகிற இடம் பறங்கிப்பேட்டை. மேற்குப் பக்கம் சரபங்காவும் திருமணிமுத்தாறும் சேர்வராயன் சரிவிலிருந்து இறங்கிக் காவிரிக்குப் போகின்றன. காவிரி முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடமாகி அதே காட்டின் தென்முனைக்கு வருகிறது. ஒரே மலையில் பெய்கிற மழை இரண்டு வழியாகப் போய் ஒரே காட்டை இரண்டு பக்கமும் தொட வேண்டும். 'வேண்டும்' என்றுதான் சொல்ல முடிகிறது. பஸ் ஆத்தூரைத் தாண்டும்போது வசிஷ்ட நதிப் பாலத்துக்குக் கீழே பார்த்தேன். மே மாதம். அங்கங்கே குட்டையாக நின்றிருந்த கறுப்புத் தண்ணீரையும் பிளாஸ்டிக்கையும் தவிர ஆற்றில் ஒன்றும் இல்லை.

பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகில் ஏறினால், சுரபுன்னை என்கிற அலையாத்தி மரத்தின் கிளைகள் இரண்டு பக்கமிருந்தும் வளைந்து மூடிய கால்வாய்க்குள் குளுகுளுவென்று கூட்டிப்போவார்கள். எம்.ஜி.ஆர். படப்பிடிப்பு நடந்த இடத்தைப் படகுக்காரர் காட்டுவார். அழகுதான். ஆனால் அந்த வழியில் பார்க்கிற சுரபுன்னை, கால்வாய் ஓரத்தில் மட்டும் நிற்கிற மெல்லிய வேலி. அதைத் தாண்டி உள்ளே போனால் காட்டின் பெரும்பகுதி வெண்கண்டல் என்கிற வேறோர் அலையாத்தி. என் மருமகள் அந்தப் பக்கம்தான் கூட்டிப்போனாள். புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். பென்சில் பென்சிலாக மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மூச்சுவேர்களை மிதிக்காமல் நடப்பது பெரும்பாடு. ஒரு வெண்கண்டல் இலையைப் பறித்துத் திருப்பி, "நக்கிப் பாருங்கத்தை" என்றாள். பொடிப்பொடியாக உப்பு. வேர் வழியாக ஏறிய உப்பை இந்த மரம் இலைச் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. சுரபுன்னைக்கு வேறு வழி, வேரிலேயே பெரும்பாலான உப்பை வடிகட்டி நிறுத்திவிடும். "உப்பைத் தாங்குதுன்னா உப்பு புடிக்கும்னு அர்த்தமில்லத்தை. தள்ளறதுக்கே சத்தெல்லாம் போயிடுது. நல்ல தண்ணி கலந்து வந்தா இது இன்னும் ஓங்கி வளரும்" என்றாள். அங்கே நின்ற மரங்கள் என் தலை உயரம்கூட இல்லை. ஆற்று முகத்தை ஒட்டிய இடங்களில் இதே இனம் இரண்டு ஆள் உயரம் நின்றதை வரும் வழியில் பார்த்திருந்தேன்.

சற்றுத் தள்ளித் தில்லை மரம் ஒன்றைக் காட்டினாள். சிதம்பரத்துத் தலமரம். ஊருக்குள் இன்று தில்லை வனம் இல்லை, இங்கே இருக்கிறது. பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று கிட்டே போகவிடவில்லை. அதற்கப்புறம் ஒரு பள்ளம். கொஞ்சம் உமரிச் செடி, நடுவில் வெறும் மண், அதன் மேல் வெள்ளையாகப் படிந்த உப்பு. ஓரத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, உப்பின் அளவைக் காட்டுகிற ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என் கண்ணில் கொடுத்தாள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. கோடு 35-ஐத் தாண்டி வெகுதூரம் மேலே நின்றது. கடல் தண்ணீர் வந்து தேங்கி, வெயிலில் சுண்டி, மறுபடி வந்து தேங்கி, கடலைவிட அதிகமாகக் கரித்துப்போன இடம்.

யார் கெடுத்த காடு

அந்தப் பள்ளத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்ததில் மிகச் சுவையானது அதுதான். பிச்சாவரம் மொத்தமே ஏறக்குறைய 1,100 ஹெக்டேர். அது பாழாய்ப்போனதற்குக் காரணம் சுற்றியுள்ள மக்கள் விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததும்தான் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் வி. செல்வம் முதலானோர் 1990-களில் அங்கே வேலை செய்தபோது வேறு படம் தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள், அரசே காட்டைப் பாத்தி பிரித்து, முறை வைத்து மொட்டையடித்து மரம் எடுத்திருக்கிறது. மரம் போன இடத்தில் வெயில் நேராக மண்ணில் விழுந்து, ஈரம் காய்ந்து, மண் அமிழ்ந்து தாம்பாளம் போலக் குழிந்துவிட்டது. பிச்சாவரத்தில் ஓதத்தின், அதாவது தினமும் ஏறி இறங்குகிற கடல் மட்டத்தின், ஏற்ற இறக்கமே கொஞ்சம்தான், ஒரு மீட்டருக்குள். அதனால் குழிக்குள் வந்த கடல்நீர் திரும்பி வெளியேற முடியவில்லை. தேங்கியது, சுண்டியது, உப்பு ஏறியது, விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்ட மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் இதில் பெரிய பங்கில்லை. தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைக்கிற இருளர் குடும்பங்கள் அந்தக் காட்டைத் தின்று தீர்த்துவிட்டார்கள் என்று எழுதி வைத்தவர்களின் அறிக்கைகளை எடுத்து இன்னொரு முறை படிக்க வேண்டும்.

காரணம் தெரிந்ததும் வைத்தியம் மாறியது. கன்று நடுவதற்கு முன்னால் மண்வெட்டி எடுத்தார்கள். நடுவில் ஒரு பெரிய கால்வாய், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம். ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது உப்பை வாரிக்கொண்டு வெளியே போகும். அதன்பிறகே கால்வாய்ச் சரிவுகளில் வெண்கண்டல் விதைத்தார்கள். கிராமத்து மக்களும் வனத்துறையும் சேர்ந்து செய்த வேலை அது. 1986-க்கும் 2002-க்கும் இடையே பிச்சாவரத்தில் காட்டுப் பரப்பு ஏறக்குறைய 90 சதவீதம் கூடியது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு எழுதினார்கள். என் மருமகள் காட்டிய பழைய கால்வாய் ஒன்றின் இரண்டு கரையிலும் இப்போது உள்ளே நுழைய முடியாத அடர்த்தி. ஈர மண்ணில் யாரும் நடாத கன்றுகள் நூற்றுக்கணக்கில் நின்றன, இரண்டு தடித்த பச்சை விதையிலைகளை விரித்துக்கொண்டு. மழைக்காலத்தை ஒட்டி விதைகள் உதிர்ந்து ஓதத்தில் மிதந்து வந்து தாமாக ஒதுங்கியவை. அதனால் எனக்கு இப்போதெல்லாம், பஸ் வைத்துக் கூட்டிப்போய் ஒரே நாளில் இத்தனை ஆயிரம் அலையாத்திக் கன்று நட்டோம் என்று பேனர் பிடித்த போட்டோ வந்தால், அந்த இடத்தில் ஓதம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று யாராவது அளந்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

நடுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. பறங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் மையத்தை ஒட்டி வெள்ளாற்றங்கரையில் இன்று நிற்கிற அலையாத்திகள், பேராசிரியர் க. கதிரேசனும் அவர் மாணவர்களும் 1990-களின் தொடக்கத்திலிருந்து நட்டு வளர்த்தவை. எங்கள் வசிஷ்ட நதி போய்ச் சேருகிற வாயில் மனிதர் வைத்த காடு. இந்தத் துறையில் உலகளவில் படிக்கப்படுகிற பெயர் அவருடையது. பிச்சாவரத்தில் இரண்டு சுரபுன்னை இனங்கள் தமக்குள் கலந்து உண்டான ஒரு கலப்பினத்தை அவர் 1990-களில் அடையாளம் கண்டு, பல்கலைக்கழகத்தின் பெயரையே வைத்தார்: ரைசோஃபோரா அண்ணமலயானா. அலையாத்திகள் ஏன் நலிகின்றன என்று கேட்டு 2002-இல் அவர் எழுதிய சிறு கட்டுரையை மருமகள் எனக்கு வரி வரியாகச் சொன்னாள். நலிந்த இடத்து மண்ணில் உப்பு அதிகம், சத்து குறைவு, நுண்ணுயிர்கள் குறைவு. வெட்டுகிற கோடரியைத் தேடிக்கொண்டிருந்தவர்களை மண்ணுக்குள் பார்க்கச் சொன்ன கட்டுரை.

சுனாமிக்குப் பிறகு எல்லோரும் அறிந்த பெயராகிவிட்டது இந்தக் காடு. 2005-இல் கதிரேசனும் ராஜேந்திரனும் இந்தக் கரையின் 18 குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு, முன்னால் காடு இருந்த இடங்களில் இழப்பு குறைவு என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே வேறு சிலர் அதே எண்களை எடுத்து, கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதைக் கழித்துவிட்டால் மரத்தின் பங்கு பெரிதாக மிஞ்சவில்லை என்று மறுத்தார்கள். டிசம்பர் 26 தோறும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற 'காடு காப்பாற்றிய கிராமம்' செய்தியில் இந்த மறுப்பு வராது. அவளிடம் நீ எந்தப் பக்கம் என்று கேட்டேன். "சுனாமி என் ஆயுசுல இன்னொரு தடவை வராமகூடப் போகலாம். இந்தக் காட்டுல இறால் குஞ்சு தினமும் பொழைக்குது. அதுக்கே காப்பாத்தலாமே" என்றாள். கெட்டிக்காரி, பதில் சொல்லாமல் தப்பித்துவிட்டாள்.

ஒன்றரை மணி நேரம்

அன்று சாயங்காலம் படகுத்துறைப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்துதான் நான் அந்த விஷயத்தை எடுத்தேன். உங்கப்பா ஏரிக்குத் தண்ணீர் எடுத்தால் உன் காட்டுக்கு அவ்வளவு குறையும், இல்லையா? என் மனதில் இருந்த படம் அப்படித்தான்: தராசின் ஒரு தட்டில் அண்ணன், இன்னொரு தட்டில் அவர் மகள். அவள் சிரித்துவிட்டு என் பையிலிருந்த பில்லை வாங்கி அதன் பின்பக்கம் கணக்குப் போட்டாள். விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. பெருக்கினால் 864 கோடி கன அடி. நூறு கோடி கன அடி ஒரு டி.எம்.சி. ஆக ஒரு நாள் வெள்ளம் 8.64 டி.எம்.சி. அந்த 100 ஏரித் திட்டம் மொத்தமாக எடுப்பதாகச் சொல்லியிருப்பது 0.555 டி.எம்.சி. வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத் தண்ணீர். "அப்பா ஏரியை ரொப்பிக்கட்டும். வெள்ளத்துல ஒன்றரை மணி நேரம் குறைஞ்சா என் காட்டுக்கு ஒண்ணும் ஆகாதுத்தை" என்றாள்.

நான் அந்தப் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். டெல்டாவும் சேலமும் மேடை போட்டுத் திட்டிக்கொண்ட தண்ணீர் அவ்வளவுதான். அப்படியானால் உன் வழக்கு என்ன என்று கேட்டேன். "மீதி மாசந்தான்" என்றாள். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிற அணை. திறந்திருக்கிற மாதங்களிலும் தண்ணீர் முக்கொம்பிலும் கல்லணையிலும் பிரிந்து பாசனக் கால்வாய்களுக்குப் போகும், கொள்ளிடத்துக்கு மிஞ்சினால்தான். மிஞ்சியதும் அணைக்கரையில் ஒரு தடவை தடுக்கப்படும். பிப்ரவரி தொடங்கிவிட்டால் காட்டுக்கு மேலேயிருந்து நல்ல தண்ணீர் என்று சொல்லும்படி ஒன்றும் வராது, அடுத்த மழைவரை கடல் மட்டும்தான். வெள்ளம் வேண்டாம் என்பதல்ல அவள் கட்சி. ஒரு வருஷ உப்பை மண்ணிலிருந்து கழுவுவதும், புது வண்டலைக் கொண்டுவந்து போடுவதும் வெள்ளம்தான். ஆனால் கழுவிய உப்பு கோடைக்குள் திரும்ப ஏறிவிடுகிறது. வண்டலோ 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணைக்குள் பெரும்பங்கு தங்கிவிடுகிறது. இந்தக் காட்டின் சேற்றுக்கு அடியில் புதைந்து கிடக்கிற மகரந்தத்தைத் தோண்டி எடுத்துப் பார்த்தவர்கள், நல்ல தண்ணீர் தேடும் இனங்கள் முன்பு இங்கே அதிகம் இருந்து பின்னர் அருகிவிட்டதைக் கண்டிருக்கிறார்கள். உப்புக்கு அசையாத வெண்கண்டல் இன்று கொடிகட்டிப் பறப்பது அதனால்தான்.

இதில் எனக்கு உறைத்த செய்தி இன்னொன்று. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் 740 டி.எம்.சி.யைப் பங்கு போட்டபோது, தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா, புதுச்சேரி என்று நாலு பேருக்கும் எழுதிவிட்டு, சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி., தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கென்று 4 டி.எம்.சி. தனியாக ஒதுக்கியது. நாலு பேர் பங்கையும் நாங்கள் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். இந்தப் பத்தையும் நாலையும் நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை, எந்த வினாத்தாளிலும் பார்த்ததில்லை. பத்து டி.எம்.சி. என்பது வெள்ளக் காலத்தில் ஒரு நாள் சொச்சம். அதை அந்த ஒரு நாளில் ஊற்றிக் கணக்கு முடிக்காமல், பங்குனி சித்திரையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளிடத்தில் ஓடவிட்டால் உப்பு அந்த அளவுக்கு ஏறாது என்பதுதான் அவள் சொல்ல வருவது. சித்திரையில் சேலத்திலேயே குடங்கள் வரிசையில் நிற்கும்போது இதை எவன் காதில் போட்டுக்கொள்வான் என்று கேட்டேன். "குடிக்கிற தண்ணியைக் கேக்கலத்தை. பேப்பர்ல எழுதி வெச்சதைக் கேக்கறேன்" என்றாள்.

நாம் அனுப்புவது

கொள்ளிடம் பெரிய அரசியல். அதில் சேலம் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. வடக்குப் பக்கம் அப்படியில்லை. வசிஷ்ட நதிக்கு ஆனைமடுவு, அதன் துணை ஆற்றுக்குக் கரியகோயில் என்று இரண்டு சிறு அணைகள், இரண்டும் எங்கள் மாவட்டத்துக்குள். கீழே கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு. கர்நாடகாவைத் திட்ட வழியில்லாத ஆறு இது. மழையில்லாத மாதங்களில் ஆத்தூர்ப் பக்கம் அதில் இறங்குவது ஊர்ச் சாக்கடையும் சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைகளின் கழிவும். மரவள்ளிக் கிழங்கைக் கழுவி, அரைத்து, மாவைப் படிய வைத்து எடுத்தபின் மிஞ்சுகிற தண்ணீர் வெளுப்பாக இருக்கும். ஒரு நாள் கிடந்தால் புளித்து மூக்கைத் துளைக்கும். அதிலுள்ள மாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனையெல்லாம் தின்றுவிடும். ஆறு ஓடினால் கொஞ்சம் நீர்த்துப் போகும். ஓடாத ஆற்றில் குட்டை குட்டையாக நின்று, ஐப்பசி முதல் வெள்ளத்தில் அத்தனையும் ஒரேயடியாகக் கீழே இறங்கும். கழிவைச் சுத்திகரித்து அதிலிருந்து எரிவாயு எடுத்து அடுப்புக்குப் பயன்படுத்துகிற ஆலைகளும் எங்கள் பக்கம் உண்டு, முடியாத காரியமில்லை.

பொங்கலுக்கு மருமகள் வந்திருந்தபோது அப்பனும் மகளும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். ஒன்றரை மணி நேரக் கணக்கைக் கேட்டதும் அண்ணனுக்கு ஏகக் குஷி. பக்கத்து நிலத்துக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னார். கோடைத் தண்ணீர் விஷயம் வந்ததும் கொஞ்சம் இறுகிவிட்டார். "கலெக்டர் ஆபீஸ் கொறைதீர் கூட்டத்துல எந்திரிச்சுக் கடல் செடிக்குத் தண்ணி உடுங்கன்னு கேட்டா என்னைக் கிறுக்கன்னு சொல்லுவாங்க பாப்பா" என்றார். அவள் விடவில்லை. சரி, அதைக் கேட்க வேண்டாம், ஆற்றில் விடுகிற சேகோ தண்ணீரைப் பற்றியாவது கேளுங்கள் என்றாள். அண்ணன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றார். அந்த வருஷக் கிழங்கு இன்னும் நிலத்தில்தான் நின்றது, விலை பேசி முடியவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "கேக்கலாம் அம்மிணி. நான் கெழங்கு போடற மில்லுக்காரரும் அதே கூட்டத்துக்கு வருவாரு, முன்வரிசையில உக்காந்திருப்பாரு. அவரை வெச்சுக்கிட்டு எப்படிக் கேக்கறதுன்னு உன் மருமகளைச் சொல்லச் சொல்லு" என்றார். அவள் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள்: கிழங்கு வெட்டி, பணம் கைக்கு வந்த மாதம் கேளுங்கள் என்றாள். அண்ணன் அதை யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். கிழங்கு மாசியில் வெட்டுகிறார்கள்.